ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை

குருசுக்குப்பம்
10 ஜூன் 2025, செவ்வாய்

கலைமகளுக்கு,

'அன்புள்ள' என்று போடலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதி முடித்த பிறகு மனசு வந்தால் மேலே சேர்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பெந்தெகொஸ்தே விருந்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். அதன் பிறகு நான் போன் செய்தால் நீ எடுக்கவில்லை, நீ செய்தால் நான் எடுக்கவில்லை. சரி, நம் வீட்டு வழக்கத்துக்கே வருவோம். எங்கள் பப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக ஜிபுத்தியில் இருந்தபோது மம்மாவோடு போட்ட சண்டையெல்லாம் தபாலில்தான். பென்ஷன் வாங்கி ஊரோடு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, எழுதி மம்மாவின் தலையணை மேல் வைத்துவிடுவார். நீயும் ஒன்றும் சளைத்தவள் இல்லை. என் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வருஷமே என்னைத் திட்டி நாலு பக்கம் எழுதியவள். அதனால் வேலைக்குப் போகிற வழியில் இதை உன் வீட்டு வாசல் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன்.

விருந்தில் அத்தனை பேர் முன்னால் "உன் சர்வர் சரியில்ல" என்று சொன்னது தப்பு. தம்பி ஃபாபிரிஸ் பிரான்ஸில் துலூஸிலிருந்து போன் செய்து, "அக்கா, என்னப் பத்தி என்ன வேணா சொல்லு, அவ வேலையப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத" என்கிறான். சொன்ன இடம் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை.

உன் சர்வர் வழியாக எங்கள் உதவி எண்ணுக்கு அழைக்கும் பெண்களில் சிலர் பேசுவதில்லை. அடிக்கிறவன் பக்கத்து அறையில் இருக்கும்போது எப்படிப் பேசுவது? அப்படி அழைப்பு வந்தால் நாங்களும் வாயைத் திறப்பதில்லை. எங்கள் குரல் போனுக்கு வெளியே கேட்டுவிட்டால் அடி அவளுக்குத்தான். மைக்கை மூடிவிட்டுக் காதை மட்டும் கொடுத்து உட்கார்ந்திருப்போம். இங்கே வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இப்படிச் சும்மா இருப்பதைத்தான்.

மூன்று வாரமாக ஒருத்தி அழைக்கிறாள். அவள் குரலை நான் கேட்டதே இல்லை. நகத்தால் போனைத் தட்டுவாள். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. அவளாக மூன்று முறை தட்டினால், "இப்போது கேள்" என்று அர்த்தம். நான் மெல்லிய குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அவள் தட்டுவாள். பிறகு நெடுநேரம் ஒன்றும் இருக்காது, அவன் எழுந்துவிட்டானா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பாள். இந்த ஊர்க்காரிதான். சின்னப் பையன் ஒருவன் இருக்கிறான். புருஷன் மதியம் சாப்பிட்டுத் தூங்கும் நேரம் மட்டும்தான் அவளுடையது. அவள் போனில் எதைத் தட்டச்சு செய்தாலும் அவன் எடுத்துப் பார்ப்பான். எங்கள் செயலி வழியாக அழைப்பது மட்டும்தான் அதில் தங்காது. போலீசை அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு இரண்டு தட்டு, படபடவென்று. முன்பே ஒருமுறை வந்து போனார்களா என்றேன். ஒரு தட்டு. அதன் பிறகு என்ன நடந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வரத் தயாரா என்று இன்னும் கேட்கவில்லை. அதைக் கேட்க நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேரம்தான் கிடைக்கவில்லை. ஒரு வாரமாக அவள் அழைப்பு நடுவில் அறுந்துபோகிறது. அவள் வைப்பதில்லை. எனக்குத் தெரியும்.

தயவுசெய்து பார்.

சூசான்

'அன்புள்ள' சேர்க்க மேலே இடம் இல்லை.


முத்தியால்பேட்டை
11 ஜூன், புதன்

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு இடம் இருக்கிறது.

பார்த்தேன். நேற்று முழுக்கப் பார்த்தேன். உங்கள் எண்ணுக்கு வந்த அழைப்புகளில் ஒன்றுகூட எங்கள் பக்கத்துக் கோளாறால் அறுந்ததாகப் பதிவு இல்லை. எல்லாம் 'முறையாக முடிந்தது' என்றுதான் இருக்கிறது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நம் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு தடவை எழுதிவிடுகிறேன். இன்டர்நெட் போனில் நீங்கள் பேசுவது சின்னச் சின்னப் பொட்டலமாக வருகிறது, ஒரு விநாடிக்கு ஐம்பது. அந்தப் பக்கத்தில் வாங்கி இந்தப் பக்கத்தில் கொடுப்பதுதான் எங்கள் ரிலே சர்வரின் வேலை, பெரிய மார்க்கெட்டில் லாரிக்கும் கடைக்கும் நடுவில் மூட்டை தூக்குகிறவர் மாதிரி. உங்கள் உதவி எண் எங்களுக்கு ஒரு மூலை. மீதியெல்லாம் பெரிய பெரிய வாடிக்கையாளர்கள். அடுத்த புதன்கிழமை ஓர் ஆன்லைன் டியூஷன் கம்பெனி தன் மொத்த அழைப்பையும் எங்களிடம் கொண்டுவருகிறது. அதற்காக மாதக்கணக்கில் சர்வரைச் சீர்செய்துகொண்டிருக்கிறேன். போன மாதம் எல்லாருக்கும் குரல் உடைந்து உடைந்து கேட்டது. இப்போது கேட்பதில்லை. அது என் கைவேலை. முதலாளி சக்கரபாணி ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். நாத்தனார் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டே "சரியில்ல" என்கிறார்.

அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் வீட்டில் சிக்னல் சரியாக இல்லாமல் இருக்கலாம். பயத்தில் அவளே வைத்துவிட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் சர்வரா?

இன்னும் ஒருமுறை பார்க்கிறேன். உங்களுக்காக இல்லை, அவளுக்காக.

கலைமகள்


குருசுக்குப்பம்
12 ஜூன், வியாழன், சாயங்காலம்

கலை,

அவசரத்தில் கிறுக்குகிறேன். எழுத்து புரியாவிட்டால் இரண்டு தடவை படி.

மதியம் வந்தாள். மூன்று தட்டு. "இப்ப பத்திரமா இருக்கியா?" என்றேன். ஒரு தட்டு. பிறகு இரண்டு பேரும் காத்திருந்தோம். அவள் வீட்டு மின்விசிறிச் சத்தம்கூட வராத மாதிரி ஓர் அமைதி. திடீரென்று அறுந்தது.

அறுந்த கொஞ்ச நேரத்தில் என் திரையில் ஓர் அழைப்பு போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு. நான் எதையும் அழுத்தவில்லை. கூட வேலை செய்கிற இனியா பக்கத்தில்தான் இருந்தாள், அவளும் அழுத்தவில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எதை அழுத்தினால் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

ஆண் குரல். தூக்கத்திலிருந்து எழுந்த குரல். "அலோ" என்றான். மைக் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடியும் "அலோ". பிறகு போனை வாயிலிருந்து நகர்த்தி, "யாருடி இது? பட்டப்பகல்ல யாருடி உனக்கு போன் பண்றது?" என்றான். கத்தவில்லை கலை. கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவள் ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. அவன் வைத்துவிட்டான்.

அவள் அழைப்புக்கெல்லாம் 'கூப்பிடாதே' என்று குறிக்கிறேனே, அப்புறம் அவளைக் கூப்பிட்டது யார்? எனக்கு அதைச் சொல். நான் கூப்பிடவில்லை.

சூசான்


முத்தியால்பேட்டை
13 ஜூன், வெள்ளி, காலை

அண்ணி,

நேற்று போனில் நீங்கள் அழுததால் என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. எழுதிவிடுகிறேன். எதையும் மறைக்கவில்லை.

அழைப்பை அறுத்தது நான்.

சில அழைப்புகள் ஒழுங்காக முடிவதில்லை. போனில் சார்ஜ் போய்விடும், பஸ் ஏதாவது பாலத்தடியில் போகும், ஆள் போய்விடுவார், ஆனால் வைத்ததாகச் செய்தி வராது. அவருக்கு ஒதுக்கிய இடம் சர்வரில் அப்படியே அடைபட்டுக் கிடக்கும். முன்பெல்லாம் பத்து நிமிஷம் பொறுத்துத்தான் அந்த இடத்தை எடுத்துக்கொள்வோம். நெரிசலைக் குறைக்க நான் அதை இருபது விநாடி ஆக்கினேன். இரண்டு பக்கமும் இருபது விநாடி பொட்டலம் வராவிட்டால் அது செத்த அழைப்பு, எடுத்துவிடு என்று.

பேசாமல் இருந்தாலும் பொட்டலம் வந்துகொண்டுதானே இருக்கும் என்று நினைத்தேன். உங்கள் செயலி அப்படி இல்லை. டேட்டா மிச்சமாகட்டும் என்று, சத்தம் இல்லாத நேரத்தில் அது எதையுமே அனுப்பாது. அவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் மைக்கை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். சர்வர் கண்ணுக்கு இரண்டு பேரும் இல்லை. சோதனை செய்யும்போது நான் பேசிப் பேசித்தான் பார்த்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் சும்மா இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சர்வரே முடித்ததால் பதிவில் 'முறையாக முடிந்தது' என்று விழுந்தது. அதைப் பார்த்துத்தான் உங்களிடம் எகிறினேன்.

திருப்பிக் கூப்பிட்டதும் சர்வர்தான். இதைச் சொல்லாமல் இருக்கலாமா என்று இரவெல்லாம் நினைத்தேன். போன வருஷம் நீங்கள் கேட்டீர்கள், "பாதியில லைன் போச்சுன்னா அந்தப் பொண்ணுங்க மறுபடி கூப்பிட தைரியம் இல்லாம உட்டுடறாங்க, தானா திருப்பிக் கூப்பிடற மாதிரி வை" என்று. வைத்தேன். பேசுகிற பெண்களுக்கு அது நல்லதாகத்தான் இருந்தது. 'கூப்பிடாதே' என்று நீங்கள் குறித்தால் கூப்பிடாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அழைப்பு முடிந்த பிறகுதான் குறிக்க முடியும். நீங்கள் குறிப்பதற்குள் அங்கே மணி அடித்துவிட்டது. ஒரு வாரமாக அறுந்தபோதெல்லாம் இதே மாதிரி கூப்பிட்டிருக்கிறது, நீங்கள் குறித்ததும் நின்றதால் உங்கள் கண்ணில் படவில்லை. அவள் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. நேற்று எப்படியோ சத்தம் வந்திருக்கிறது.

யாரிடமும் கேட்காமல் இரண்டையும் நேற்றே எடுத்துவிட்டேன். பழையபடி பத்து நிமிஷம். உங்கள் எண்ணிலிருந்து இனி யாருக்கும் தானாக மணி அடிக்காது.

உங்கள் திரையில் ஓர் அடையாளக் குறி மட்டும்தான் வரும், அவள் எண் வராது. சர்வரின் பதிவில் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லுங்கள், எடுத்துத் தருகிறேன்.

கலைமகள்


குருசுக்குப்பம்
14 ஜூன், சனி

அன்புள்ள கலைக்கு,

நீ சொன்னதைப் படித்துவிட்டு உன்னைத் திட்டி ஒன்று எழுதினேன். கிழித்துவிட்டேன். மணி அடிக்கச் சொன்னது நான். பெண்களுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு, அவன் தூக்கத்தைக் கலைத்துவிட்டவள் நான்.

எண் வேண்டாம். எடுக்காதே.

வக்கீல் செந்தமிழ்ச்செல்வியிடம் கேட்டேன். போலீஸ் போகலாம், சட்டப்படி தப்பில்லை என்கிறார். ஆனால் அவள் இரண்டு தட்டுத் தட்டினாள். அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். எப்போது எது ஆபத்து என்று அவளுக்குத் தெரியாதா? கதவைத் தட்டிவிட்டு போலீஸ் போய்விடும். கதவுக்குப் பின்னால் இருக்கப்போவது அவள். அவளைக் கேட்காமல் ஏற்கெனவே ஒரு முறை அவள் வீட்டில் மணி அடித்துவிட்டோம்.

இப்படி எழுதிவிட்டேனே தவிர உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் பக்கம் எத்தனை பெண்கள்! முந்தானையை இழுத்துப் போர்த்திய ஒருத்தியைப் பார்த்ததும் இவளாக இருக்குமோ என்று பின்னாலேயே போனேன். அவள் திரும்பி, "இன்னா வேணும்?" என்று முறைத்தாள். வெட்கமாகிவிட்டது. நேரு வீதியில் ஆம்புலன்ஸ் ஒன்று போனது. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன், பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் திட்டினான். பேப்பரில் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தைத் திறக்கப் பயமாக இருக்கிறது. இனியாவைப் படித்துச் சொல்லச் சொல்கிறேன்.

நேற்றும் அழைக்கவில்லை, இன்றும் அழைக்கவில்லை.

சூசான்


முத்தியால்பேட்டை
16 ஜூன், திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று சர்வர் திணறியது. பத்து நிமிஷத்துக்கு மாற்றியதும் செத்த அழைப்புகள் அடைத்துக்கொண்டன, மறுபடி எல்லாருக்கும் குரல் உடைந்தது. சக்கரபாணி என் மேஜைக்கே வந்துவிட்டார். "நல்லா ஓடிக்கிட்டிருந்தத ஏம்மா தொட்ட? இருபது விநாடியே வச்சிடு. பேசாதவனுக்கு எதுக்கு போனு?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு அப்படி ஒரு அழைப்பு உண்டு என்று தெரியாது, எனக்குத் தெரியாமல் இருந்த மாதிரியே. எடுத்துச் சொன்னேன். பிறகு, "புதன்கிழமைக்குள்ள வேற வழி இருந்தா காட்டு. இல்லன்னா நான் பொறுப்பில்ல" என்று போய்விட்டார்.

வழி இருக்கிறது. முன்பே தேடியிருந்தால் முன்பே கிடைத்திருக்கும். சர்வருக்குள் பொட்டலம் வாங்க எட்டு கவுண்டர் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற கூட்டம் முழுக்க முதல் கவுண்டரிலேயே நிற்கிறது, மீதி ஏழும் ஈ ஓட்டுகின்றன. கூட்டத்தைப் பிரித்து நிறுத்தாமல், நான் வரிசையில் நின்றவர்களில் பேசாதவர்களை வெளியே தள்ளினேன். நெரிசல் குறைந்தது, ஸ்வீட் கொடுத்தார்கள். இப்போது ஒழுங்காகப் பிரிக்கிறேன். பொட்டலத்தை மேலே ஒரு புரோகிராம் வரை தூக்கிக்கொண்டு போகாமல், வாசலிலேயே கைமாற்றிவிடவும் வழி உண்டு. இரண்டும் சரியாக அமைந்தால் பத்து நிமிஷம் இருந்தாலும் இடம் போதும்.

ஆனால் இதை வெறும் சர்வர் வேலையாக இனிமேல் என்னால் நினைக்க முடியவில்லை. ஒவ்வொரு வரியை மாற்றும்போதும், இது யாரை அறுக்கும், எனக்குத் தெரியாமல் அந்தப் பக்கம் யார் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கை நின்றுவிடுகிறது. கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இன்று அந்தப் பதிவைத் திறந்துவிட்டேன். எண் இருக்கும் வரிக்கு ஒரு வரி மேலே வரை போய்விட்டு மூடிவிட்டேன். அண்ணி, அவள் உயிரோடு இல்லாவிட்டால்? நாம் அவள் தட்டிய 'இல்லை'யைக் காப்பாற்றிக்கொண்டு இங்கே கடுதாசி எழுதிக்கொண்டிருக்கிறோம், அங்கே அவள் தரையில் கிடந்தால்? அந்த இரண்டு தட்டு போன வாரத்தினுடையது. இந்த வாரம் அவளைக் கேட்டால் என்ன சொல்வாளோ நமக்குத் தெரியாது.

கலைமகள்


குருசுக்குப்பம்
18 ஜூன், புதன்

அன்புள்ள கலைக்கு,

உன் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. நீ சொல்வதும் சரிதான்.

செந்தமிழ்ச்செல்வியோடு உட்கார்ந்து ஒரு முடிவு செய்தோம். வெள்ளிக்கிழமை மதியம் வரை பார்ப்போம். போன வெள்ளியைத் தவிர அவள் எந்த வெள்ளிக்கிழமையையும் தவறவிட்டதில்லை. வரவில்லை என்றால் அன்று சாயங்காலம் நீ எண்ணை எடு. போலீசுக்குப் போகாது, முதலில் செந்தமிழ்ச்செல்வி கையில்தான் போகும். எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடித்து, ரேஷன் கார்டு சரிபார்க்க வந்ததாகவோ என்னவோ சொல்லிக்கொண்டு அந்தத் தெருவுக்குள் நுழைய அவருக்குத் தெரியும்.

இது சரியா என்று கேட்காதே. சரி எது என்று தெரிந்திருந்தால் இப்படிக் கிடந்து தவிப்பேனா? கோயிலில் போய் மண்டியிட்டேன். ஜெபம் வரவில்லை. "மாதாவே, அந்தப் பொண்ணு போன எடுக்கட்டும்" என்று ஆரம்பித்து, இல்லை இல்லை, எடுக்க வேண்டாம், அவன் பார்த்துவிடுவான் என்று நடுவிலேயே மாற்றினேன். மாதாவுக்கே குழப்பமாகியிருக்கும்.

நாளை மறுநாள் உன் சர்வர் தாங்குமா? இன்றிலிருந்து அந்த டியூஷன்காரர்களும் வந்துவிட்டார்கள் அல்லவா? அவள் வந்து, மறுபடி அறுந்தால், அதன் பிறகு வரமாட்டாள் கலை. எனக்குப் பயமாக இருக்கிறது.

சூசான்


தட்டாஞ்சாவடி, அலுவலகம்
20 ஜூன், வெள்ளி, மாலை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பக்கத்தில் நடந்ததை நீங்கள் எழுதுவீர்கள். என் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. டியூஷன் கம்பெனி இன்று ஏதோ சேர்க்கை என்று ஊரெல்லாம் போன் செய்துகொண்டிருந்தது. இந்த சர்வரில் இவ்வளவு அழைப்பு ஒரே நேரத்தில் இதற்கு முன் ஓடியதில்லை. எட்டுக் கவுண்டரிலும் கூட்டம். திரையில் அழைப்புகள் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்க, உங்கள் எண்ணுக்கு ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது.

முதலில் மூன்று முறை எண்ணிக்கை துள்ளியது. பிறகு பூஜ்யம். இரண்டு பக்கமும் பூஜ்யம்.

எனக்கு ஒன்றும் கேட்காது, உங்களுக்குத் தெரியும். பொட்டலம் வந்தால் எண்ணிக்கை ஏறும், வராவிட்டால் ஏறாது. அவ்வளவுதான் நான் பார்ப்பது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது விநாடி தாண்டியது. ஒரு நிமிஷம் தாண்டியது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

சக்கரபாணி பின்னால் வந்து நின்றார். நெரிசல் ஏறிக்கொண்டிருந்தது. "இந்தச் செத்த கால்ஸ் எல்லாத்தையும் கையால கிளியர் பண்ணிடேன்மா, கொஞ்சம் மூச்சு விடும்" என்றார். பட்டியலில் முதலில் நின்றது அவளுடைய அழைப்பு. "சார், இது சாகல" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் பக்கத்தில் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது. நீங்கள் ஏதோ கேட்டிருக்கிறீர்கள். பிறகு அவள் பக்கம். ஒரு துள்ளல். நான் காத்திருந்தேன், இன்னொன்று வரவில்லை. ஒன்றுதான். ஆமாம்.

எதற்கு ஆமாம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அண்ணி, இருக்கிறாள். அழுதுவிட்டேன். சக்கரபாணி எழுந்து போய் டீ சொன்னார்.

அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. நீங்கள் கேட்க, அவள் சொல்ல. ஒருமுறை நீங்கள் கேட்ட பிறகு அவள் பக்கம் பூஜ்யம் நின்றுகொண்டே இருந்தது. பத்து நிமிஷத்தையும் தொட்டுவிடுமோ என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடிவதற்குள் ஒரு துள்ளல் வந்தது. அதன் பிறகு அழைப்பு முடிந்தது. இந்தத் தடவை பதிவில் 'அழைத்தவர் வைத்தார்' என்று வந்தது.

எதற்கு அவ்வளவு நேரம் யோசித்தாள்?

கலைமகள்


குருசுக்குப்பம்
21 ஜூன், சனி, மதியம்

அன்புள்ள கலைக்கு,

அவள் யோசித்த கேள்வி, "நாளைக்கே வந்துடறியா?"

மற்ற கேள்விகளையும் சொல்கிறேன். அன்றைக்கு மணி அடித்ததில் உனக்கு அடி விழுந்ததா என்றேன். ஆமாம். நீ முதலில் பார்த்த ஒற்றைத் துள்ளல் அதுதான். நீ அழுத ஆமாம் அது. தட்டும் சத்தம் மாறியிருந்தது, மெதுவாக, தடுமாறி. வேறு யாராவது தட்டுகிறார்களோ என்று ஒரு நிமிஷம் பதறிப்போனேன். பிறகு கேட்டேன், காலையில் மீன் வாங்க உன்னைத் தனியாக விடுவானா? ஆமாம். பெரிய மார்க்கெட்டா? ஆமாம். பையனைக் கூட்டி வர முடியுமா? ஆமாம். நான் பச்சை நூல் புடவை கட்டி, மீன் பக்கத்து வாசலில் மூங்கில் கூடையோடு நிற்பேன், நாளைக்கே வந்துவிடுகிறாயா? அதற்குத்தான் அவ்வளவு நேரம்.

காலையில் போய் நின்றேன். செந்தமிழ்ச்செல்வி ஆட்டோவில் இருந்தார். எனக்கு அவள் முகம் தெரியாது. கூட்டத்தில் யார் பக்கத்தில் வந்தாலும் கூடையைச் சற்று உயர்த்திப் பிடித்தேன். அவன்தான் பின்னாலேயே வந்துவிட்டானோ என்று ஒவ்வொரு ஆம்பளையையும் பார்த்தேன். வஞ்சிரம் வாங்க வந்த நம் பங்குச் சாமியாரைக்கூட முறைத்துவிட்டேன். வெயில் ஏறியது. வரமாட்டாள் என்று கூடையைக் கீழே வைத்தபோது யாரோ கூடைப் பிடியை ஒருமுறை தட்டினார்கள்.

சின்னப் பெண், கலை. எங்கள் இனியாவை விட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். இடுப்பில் பையன். வலது கையில் துணி சுற்றியிருந்தது. கதவிடுக்கில் வைத்து நசுக்கியிருக்கிறான், எவன் போன் பண்ணினான் சொல் என்று. இரண்டு விரல். இடது கையால் தட்டிப் பழகாததால்தான் சத்தம் மாறியிருக்கிறது. போனை மட்டும் அவன் பிடுங்கவில்லை. வெளியே போனால் அவளை வேவு பார்க்க அது அவனுக்கு வேண்டுமாம். ஆட்டோவில் ஏறுமுன் அதை மீன் பக்கத்திலேயே போட்டுவிட்டோம்.

ஆட்டோ கிளம்பி நேரு வீதி தாண்டியது. நான் அவள் குரலுக்காகக் காத்திருந்தேன். இத்தனை நாளாக அதற்காகத்தானே. அழுவாள் என்று நினைத்தேன். நன்றி சொல்வாளோ என்றுகூட ஒரு ஓரத்தில் நினைத்தேன், அந்த வெட்கக்கேட்டையும் எழுதிவிடுகிறேன். அவள் என் பக்கம் திரும்பி, சாதாரணமாக, கோபம்கூட இல்லாமல் கேட்டாள்:

"அன்னிக்கு ஏங்க்கா திருப்பி போன் பண்ணீங்க?"

சர்வர் என்று சொல்வதா? நான் இல்லை, மெஷின் என்று சொல்வதா? அவள் கையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பத்திரமான இடத்தில் இருக்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டார். ஒரு விரல் பழையபடி மடங்காது என்கிறார். புகார் கொடுப்பதா என்று அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறோம். பெயர் சொன்னாள். அதை நான் எழுத மாட்டேன்.

என்ன சொல்வது கலை? நீயாவது சொல்.

சூசான்


முத்தியால்பேட்டை
21 ஜூன், சனி, மாலை

அன்புள்ள அண்ணிக்கு,

அந்த ஒரு துள்ளலைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுதேன். அது அவள் அடி வாங்கியதைச் சொன்ன தட்டு. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு பதில் நீங்கள் தேட வேண்டாம். நான் வந்து சொல்கிறேன். இருபது விநாடி என்று ஓர் எண்ணை நான்தான் போட்டேன், எதற்காகப் போட்டேன், அது அவள் அழைப்பை எப்படி அறுத்தது, அவள் வீட்டில் எப்படி மணி அடித்தது, எல்லாவற்றையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். திருப்பிக் கூப்பிடும் ஏற்பாடு நீங்கள் கேட்டது என்பதையும் சொல்வேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அதைச் செய்தோம். கேட்டுவிட்டு என் முகத்தில் துப்பினாலும் துப்பட்டும். அல்லது ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கட்டும். நானும் கூடவே உட்கார்ந்திருக்கிறேன்.

சக்கரபாணியும் வரட்டுமா என்று கேட்டார். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் இப்போது தங்கியிருக்கும் வீட்டுக்குள் இன்னொரு ஆண் குரல் வேண்டாம்.

அவளிடம் முதலில் கேளுங்கள், நான் வரலாமா என்று. ஆமாம் என்றால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள். போனிலேயே சொல்லுங்கள், எடுப்பேன். நாளை பூசை முடிந்ததும் கிளம்பி வருகிறேன். நீங்கள் எதுவும் பேச வேண்டாம், என் பக்கத்தில் இருந்தால் போதும். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது அண்ணி.

கலைமகள்